மேலே விடுகிறவர்களும் கீழே இருக்கிறவர்களும்

தளேகாவ், வட்காவ், சாக்கன் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கும், அந்தப் பட்டறைகளில் சி.என்.சி. ஓட்டுகிற, தரம் பார்க்கிற, பில் போடுகிற எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாக உங்களில் பலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கார் கம்பெனிகளுக்கு புஷ்ஷும் பிராக்கெட்டும் கடைந்து கொடுத்த இடத்துக்கு இப்போது ராக்கெட் கம்பெனியிலிருந்து விசாரணை வருகிறது. டிராயிங் சுத்தமாக இருக்கிறது, ரேட்டும் பரவாயில்லை. ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: தரையிலோ, வானத்திலோ, சுற்றுப்பாதையிலோ யாருக்கு என்ன இழப்பு நேர்ந்தாலும், வாங்குபவருக்கு வரும் செலவு முழுவதையும் சப்ளையர் வரம்பில்லாமல் ஈடுகட்ட வேண்டும். கையெழுத்துப் போடலாமா?

அப்படியே போடாதீர்கள். வக்கீலாக என் பதில் அவ்வளவுதான், அதற்கு ஃபீஸும் வேண்டாம். ஆனால் அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பேரம் பேசினால் தோற்றுப்போவீர்கள். அது உங்கள் வாடிக்கையாளரின் சட்டப் பிரிவு சொந்தமாக யோசித்து எழுதியதல்ல. 1962ல் ஜெனீவாவில் இரண்டு வல்லரசுகள் போட்ட சண்டையின் வால் அது. அதைத்தான் இந்த மடலில் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்வெளிச் சட்டத்துக்கு முதல் தனி நூல் எழுதியவரும் நம்மைப் போல ஒரு தொழிற்சாலை ஊர்க்காரர்தான். விளாடிமிர் மாண்டல், செக்கோஸ்லோவாக்கியாவில் பில்சன் நகரத்து வக்கீல். பில்சன் என்றால் ஸ்கோடா ஆலை. விமானம் ஓட்டவும் தெரிந்த அந்த மனிதர் 1932ல் ஜெர்மன் மொழியில் ஒரு சிறு நூல் போட்டார். அன்றைக்கு உலகத்தில் எந்த ராக்கெட்டும் காற்று மண்டலத்தைத் தாண்டியதில்லை. விமானச் சட்டத்தை இழுத்து நீட்டி ராக்கெட்டுக்குப் போர்த்த முடியாது, இதற்குத் தனிச் சட்டம் வேண்டும், ஒரு நாட்டின் அதிகாரம் மேலே போய்க்கொண்டே இருக்காமல் ஓரிடத்தில் நின்றுவிடும் என்பது அவர் கட்சி. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1941ல் அவர் இறந்தார். கேஸே இல்லாத காலத்தில் சட்டம் எழுதிய அந்த வக்கீல்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

கேஸ் 1957 அக்டோபர் 4 அன்று வந்தது. ஸ்புட்னிக் எத்தனையோ நாடுகளின் தலைக்குமேல் போனது. 1944ன் சிகாகோ உடன்படிக்கைப்படி ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்கே சொந்தம். அனுமதியில்லாமல் விமானம் நுழையக் கூடாது. சோவியத் யூனியன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எந்த நாடும் புகார் கொடுக்கவும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளிப்பார்வைக்கு அவமானம், உள்ளுக்குள் நிம்மதி. விண்வெளியில் எவரும் எவர் தலைக்குமேலும் போகலாம் என்ற வழக்கத்தை ரஷ்யர்களே தொடங்கிவைத்து நமக்கு நல்லது செய்துவிட்டார்கள் என்ற பொருளில் டொனால்ட் குவார்ல்ஸ் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி அதிபர் ஐசனோவரிடம் சொன்னது பதிவில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு உளவுச் செயற்கைக்கோள் விடும் ஆசை இருந்தது. அடுத்த மூன்று ஆண்டுக்குள், 1960 மே 1 அன்று, யு-2 உளவு விமானத்தை ரஷ்யர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். விமானம் போனால் குற்றம், அதற்கும் மேலே போனால் குற்றமில்லை. அந்த எல்லைக்கோடு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று எந்த ஒப்பந்தமும் இன்றுவரை எழுதி வைக்கவில்லை. கோடு போடாமலே எழுபது ஆண்டு ஓட்டிவிட்டார்கள். நில அளவைத் துறையில் இதெல்லாம் நடக்காது.

ஐ.நா. 1958 டிசம்பரில் 18 நாடுகளைச் சேர்த்து ஒரு தற்காலிகக் குழு அமைத்தது. மேற்கத்திய ஆட்களே நிறைந்திருக்கிறார்கள் என்று சோவியத் அணி புறக்கணித்தது. இந்தியாவும் எகிப்து தலைமையிலான ஐக்கிய அரபுக் குடியரசும் கூட உட்காரவில்லை. ராக்கெட் விடும் இருவரில் ஒருவர் இல்லாமல் விண்வெளிக்குச் சட்டம் பேசி என்ன பயன் என்பது நம் நிலை. அடுத்த ஆண்டு 24 நாடுகளோடு நிலையான குழு வந்தது. அதில் இந்தியா சேர்ந்தது. அந்தக் குழுவும் 1961 கடைசி வரை கூடவே முடியவில்லை. அந்த டிசம்பரில் பொதுச் சபை 1721ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது: விண்வெளியை எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது, பூமியில் உள்ள சர்வதேசச் சட்டம் அங்கேயும் செல்லும்.

இனிமேல் வருவதுதான் உங்கள் பி.ஓ.வுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி.

1962ல் சட்டத் துணைக்குழு ஜெனீவாவில் கூடியது. தலைவர் போலந்துக்காரரான மான்ஃப்ரெட் லாக்ஸ். பின்னாளில் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தின் தலைவரானவர். சோவியத் தரப்பு வைத்த வரைவில், விண்வெளி வேலையை அரசுகள் மட்டுமே செய்ய வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. தனியாருக்கு இடமே கிடையாது. அமெரிக்காவுக்கு இது ஆகாது. அதே ஆண்டு ஜூலை 10 அன்று டெல்ஸ்டார் மேலே போனது, அது ஏ.டி. அண்ட் டி. என்ற தனியார் தொலைபேசிக் கம்பெனியின் செயற்கைக்கோள். செயற்கைக்கோள் தொடர்புக்கென்றே அமெரிக்கா அந்த ஆண்டு ஒரு சட்டமும் போட்டிருந்தது. ஒருவர் தனியார் கூடாது என்கிறார், இன்னொருவருக்குத் தனியார் இல்லாமல் முடியாது. பேச்சு நின்றுபோனது.

நின்றுபோன பேச்சை நகர்த்தியது பயம். டெல்ஸ்டாருக்கு ஒரு நாள் முன்னால், ஜூலை 9 அன்று, பசிபிக்குக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. பரிசோதனைக்கு ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். கதிர்வீச்சு விண்வெளியில் தங்கிச் செயற்கைக்கோள்களைக் கெடுத்தது. டெல்ஸ்டாரும் சில மாதங்களில் செத்தது. செப்டம்பரில் ஒரு சோவியத் கலத்தின் துண்டு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மானிட்டோவாக் நகரில் தெரு நடுவே பதிந்து கிடந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் அமெரிக்க ராக்கெட்டின் துண்டுகள் கியூபாவில் விழுந்து ஒரு பசு செத்த விவகாரம் வேறு. 1963 மே மாதம் அமெரிக்க ராணுவம் தகவல் தொடர்புப் பரிசோதனை என்று கோடிக்கணக்கான மெல்லிய செம்பு ஊசிகளைச் சுற்றுப்பாதையில் தூவியது, வானியலாளர்கள் கொதித்தார்கள். இப்படியே போனால் இருவருக்கும் நல்லதில்லை என்பது இருவருக்கும் புரிந்தது.

1963 டிசம்பர் 13 அன்று பொதுச் சபை ஒரு மனதாக நிறைவேற்றிய 1962ஆம் எண் பிரகடனத்தில் அந்தச் சமரசம் இருக்கிறது. (தீர்மானத்தின் எண்தான் 1962; ஆண்டு இல்லை. கோர்ட்டில் இதைக் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு.) தனியார் விண்வெளிக்குப் போகலாம். ஆனால் அவர்கள் செய்வதற்கெல்லாம் அவர்கள் நாட்டு அரசே உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அரசு அனுமதி கொடுக்க வேண்டும், கொடுத்தபின் கண்காணித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். ரஷ்யர்களுக்கு எல்லாவற்றிலும் அரசின் கை இருக்கிறது என்ற திருப்தி. அமெரிக்கர்களுக்குக் கம்பெனிகள் தப்பித்த திருப்தி. மூன்று ஆண்டு கழித்து விண்வெளி ஒப்பந்தத்தில் அதுவே 6ஆம் பிரிவாக உட்கார்ந்தது.

கடலில் ஒரு தனியார் கப்பல் இன்னொரு கப்பலை மோதினால் கப்பல் முதலாளிதான் வழக்கைச் சந்திக்க வேண்டும், கொடி கொடுத்த அரசு அல்ல. விமானக் கம்பெனிக்கும் அப்படியே. விண்வெளியில் மட்டும் தனியாரின் வேலை அரசின் வேலையாகவே எண்ணப்படும். பனிப்போரில் பிறந்த ஒரு விசித்திரக் குழந்தை இது. ஹைதராபாத் கம்பெனி ஸ்கைரூட்டோ சென்னைக் கம்பெனி அக்னிகுலோ ராக்கெட் விட்டு அது வெளிநாட்டில் ஒரு வீட்டின்மேல் விழுந்தால், பணம் கட்ட வேண்டியது இந்தியக் குடியரசு. அரசு அந்தப் பணத்தைக் கம்பெனியிடம் கேட்கும். கம்பெனி அதை யாரிடம் தள்ளலாம் என்று பார்க்கும். தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பவர் நீங்கள்.

ஒப்பந்தம் 1967 ஜனவரி 27 அன்று வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ மூன்று ஊர்களில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. வெள்ளை மாளிகை விழாவுக்கு நீல் ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்ட சில விண்வெளி வீரர்கள் வந்திருந்தார்கள். அன்று மாலையே கேப் கென்னடியில் ஏவுதளப் பயிற்சியின்போது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். இந்தியா மார்ச் 3 அன்று கையெழுத்திட்டது. உறுதிசெய்ய மட்டும் 1982 ஜனவரி ஆகிவிட்டது. பதினைந்து ஆண்டு. நம் ஊர் வேகம்.

அந்த வேகத்தை வைத்து, இந்தியா ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறைகளில் நம் ஆட்கள் நன்றாகவே பேசினார்கள். ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு நிலவையும் மற்ற வான்பொருள்களையும் அமைதிப் பணிக்கு மட்டும் என்று ஒதுக்குகிறது. இடைப்பட்ட வெளியில் தடுப்பதெல்லாம் அணு ஆயுதம் போன்ற பேரழிவு ஆயுதங்களைச் சுற்றவிடுவதை மட்டும்தான். வெளி முழுவதையும் அமைதிக்கே ஒதுக்க வேண்டும் என்று 1966ல் கேட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நடக்கவில்லை. 2019 மார்ச்சில் நாமே ஏவுகணையால் ஒரு செயற்கைக்கோளை உடைத்துக் காட்டியபோது, அது ஒப்பந்தத்துக்கு முரணல்ல என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், 1966ல் நாம் தோற்றதுதான். சரித்திரம் சில சமயம் இப்படித்தான் உதவி செய்கிறது.

இந்தச் சட்டத்தின் ஆரம்ப காலத்தில் இந்தியாவின் பெயர் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. ஐ.நா. தீர்மானங்களை எல்லோரும் ஒப்புக்கொண்டால், நூற்றாண்டுக் கணக்கில் பழகாமல், உடனடியாகவே வழக்கச் சட்டம் பிறந்துவிடுமா என்ற புகழ்பெற்ற கேள்வியை லண்டன் பேராசிரியர் பின் செங் எழுப்பிய கட்டுரை 1965ல் வெளிவந்தது நம் இந்தியன் ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் லாவில். இன்றும் உலகமெங்கும் சர்வதேசச் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். பின்னாளில் ஐ.நா.வின் விண்வெளி அலுவலகத்துக்கு இயக்குநராக இருந்தவரும் பக்கத்து நாட்டுக்காரர், இலங்கையின் நந்தசிறி ஜசெந்துலியன.

தும்பா ஏவுதளத்தை உங்களுக்குத் தெரியும். அப்துல் கலாம் கதையில் வரும் மாதா கோயில், சைக்கிளில் ராக்கெட் பாகம். ஆனால் தும்பா சட்டத்தின் குழந்தையும்கூட. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், எல்லா நாடுகளும் பயன்படுத்தும்படி, ஐ.நா. ஆதரவில் ஒரு ஏவுதளம் வேண்டும் என்று 1962 டிசம்பரில் பொதுச் சபை தீர்மானித்தது. விக்ரம் சாராபாய் அதைப் பிடித்துக்கொண்டார். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட், அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி, புறப்பட்டது. 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி அந்தத் தளத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார். அமெரிக்கர், ரஷ்யர், பிரெஞ்சுக்காரர் மூவரும் ஒரே மணலில் வேலை செய்த இடம் அது. அதற்காகத் தங்கள் மாதா கோயிலையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்து நகர்ந்தவர்கள் பள்ளித்துறை மீனவர்கள். பொதுச் சபையின் எந்தத் தீர்மானத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

இப்போது இழப்பீட்டுக்கு வருகிறேன். 6ஆம் பிரிவு யார் பதில் சொல்வது என்று சொன்னதே தவிர எவ்வளவு, எப்படி என்று சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஓர் உடன்படிக்கை எழுத உட்கார்ந்து, 1963ல் தொடங்கிய பேச்சு 1971 கடைசியில்தான் முடிந்தது. வல்லரசுகள் இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு வேண்டுமா, எந்த நாட்டுச் சட்டப்படி கணக்கிடுவது, தீர்ப்பு கட்டாயமா வெறும் பரிந்துரையா என்று ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டின. இந்தியா தன் பங்குக்கு ஒரு வரைவையே கொண்டுபோனது. அப்போது நம்மிடம் செயற்கைக்கோள் விடும் ராக்கெட் கிடையாது. யாரோ விடுவது நம் வயலில் விழுமே என்ற கவலை மட்டும் உண்டு. நாம் பேசியது கீழே இருக்கிறவனின் குரல்.

கிடைத்தது மோசமில்லை. தரையிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் நேர்ந்தால் ஏவிய நாடு தவறு செய்ததா இல்லையா என்ற கேள்வியே இல்லை, கட்டியாக வேண்டும். விண்வெளியிலேயே ஒன்றோடொன்று மோதினால் மட்டும் தவறு யாருடையது என்று பார்ப்பார்கள். உச்ச வரம்பு கிடையாது. ஆனால் இழப்பீட்டு ஆணையம் சொல்லும் தொகை, இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, பரிந்துரைதான். இது போதாது என்று பொதுச் சபையில் வாக்களிக்காமல் விலகி நின்ற நான்கு நாடுகள்: கனடா, ஈரான், ஜப்பான், ஸ்வீடன். விதியைப் பாருங்கள், 1978 ஜனவரி 24 அன்று அணு உலையோடு சுற்றிக்கொண்டிருந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 நொறுங்கி விழுந்தது அதே கனடாவின் வடக்குப் பனிக்காட்டில். தேடிப் பொறுக்கிய செலவில் ஒரு பகுதி, சுமார் 60 லட்சம் கனடா டாலர் என்று கேட்டார்கள். 1981ல் 30 லட்சத்துக்கு முடிந்தது, அதுவும் சோவியத் தரப்பு பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே. பாதிக்குப் பாதி. நம் மாவள் தாலுகா கோர்ட்டில் இதைவிட நன்றாக முடித்துக் கொடுப்போம்.

1979ல் அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலாப் விழப்போகிறது என்று நம் ஊர்களெல்லாம் நடுங்கியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அது ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் பக்கம் விழுந்தது. அதே ஆண்டு இந்தியா அந்த இழப்பீட்டு உடன்படிக்கையில் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் முதல் எஸ்.எல்.வி.-3 புறப்பட்டுக் கடலில் விழுந்தது. கீழே இருந்தவர்கள் மேலே விடவும் தொடங்கிய ஆண்டு அது.

இப்போது நாம் இரண்டும்தான். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர வானத்தில் நெருப்புக் கோடுகள் போனதை நம்மில் பலர் வீடியோவில் பார்த்தோம். சந்திரபூர் மாவட்டம் சிந்தேவாஹி தாலுகாவில் லாட்போரி கிராமத்தில் சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் ஒன்று விழுந்தது. சுற்று வட்டாரத்தில் உருண்டைகளும் கிடைத்தன. சீனாவின் லாங் மார்ச் ராக்கெட் ஒன்றின் மிச்சம் என்பது நிபுணர்களின் கணிப்பு. யாருக்கும் அடி படவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியது. பெரும்பாலும் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம் என்று ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனம் அறிவித்தது. பதினைந்து மாத இடைவெளியில் நாம் ஒருமுறை வாங்கினோம், ஒருமுறை கொடுத்தோம்.

லாட்போரியில் ஒரு மாட்டுக்கொட்டகை நொறுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த விவசாயி பெய்ஜிங்மேல் தானாக வழக்குப் போட உடன்படிக்கை வழி தராது. இந்திய அரசுதான் தூதரகம் மூலம், ஓராண்டுக்குள், கேட்க வேண்டும். கேட்பதா வேண்டாமா என்பது டெல்லியின் விருப்பம். அப்போதைய எல்லை நிலவரம், வர்த்தக நிலவரம் எல்லாம் அந்த விருப்பத்தில் சேரும். சரி, சந்திரபூரில் விழுந்தது இந்திய ராக்கெட்டாக இருந்தால்? உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, ஏவிய நாடு தன் சொந்தக் குடிமக்களுக்குச் செய்த சேதத்துக்கு இது செல்லாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. நம் வயலில் நம் ராக்கெட் விழுந்தால் நமக்குச் சர்வதேசச் சட்டம் கிடையாது.

அப்படியானால் உள்நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எங்கே? 2017ல் விண்வெளி நடவடிக்கை மசோதா என்று ஒரு வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வெளியானது. சட்டமாகவில்லை. 2020ல் தனியாரை அனுமதிக்க இன்-ஸ்பேஸ் அமைப்பு அறிவிக்கப்பட்டது, 2023ல் விண்வெளிக் கொள்கை வந்தது, 2024ல் இன்-ஸ்பேஸ் நெறிமுறைகள் வந்தன. எல்லாம் நல்ல தாள்கள்தான். ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கோர்ட்டில் நிற்பதுபோல் கொள்கை அறிக்கை நிற்காது. பாதிக்கப்பட்டவருக்கு இப்போதைக்குக் கையில் இருப்பது 1986ல் எம்.சி. மேத்தா வழக்கில், டெல்லி ஓலியம் வாயுக் கசிவுக்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் சொன்ன கோட்பாடு: ஆபத்தான தொழிலை நடத்துபவர் தவறு செய்தாலும் செய்யாவிட்டாலும் முழுப் பொறுப்பு. போபாலின் நிழலில் பிறந்த தீர்ப்பு அது. ராக்கெட்டுக்கு அது பொருந்தும் என்றே நான் வாதாடுவேன். ஆனால் வாதாடித்தான் வாங்க வேண்டும்.

மற்ற நாடுகளில் சுமையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கா 1988லேயே ஏற்பாடு செய்துவிட்டது: ஏவும் கம்பெனி 50 கோடி டாலர் உச்சிக்குள் கணக்கிடப்படும் தொகைக்கு காப்பீடு எடுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பெருந்தொகை வரை அரசு பார்த்துக்கொள்ளும். பிரான்ஸ் 2008 சட்டத்தில் கம்பெனியின் பங்குக்கு வரம்பு கட்டியது. சுமார் 6 கோடி யூரோ, மீதி அரசுடையது. அமெரிக்க ஏற்பாட்டில் இன்னொன்று இருக்கிறது, அதுதான் உங்களுக்கு முக்கியம். ஏவுதலில் சேர்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடாமல் அவரவர் இழப்பை அவரவர் தாங்குவது என்று கையெழுத்திடுகிறார்கள். அந்த விட்டுக்கொடுப்பு ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் என்று கீழ்வரைக்கும் இறங்கும். வால்வுக்கு வாஷர் செய்து கொடுத்தவனைச் செயற்கைக்கோள் முதலாளி தேடி வர முடியாது.

இங்கே அந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் செய்யவில்லை. அதனால்தான் சுமை எல்லாம் பொடி எழுத்தாக உங்கள் மேஜைக்கு வருகிறது. சப்ளையர்மேல் பொறுப்பு வைப்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. 2010ல் அணுசக்தி விபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது, குறைபாடுள்ள பொருள் கொடுத்த சப்ளையரிடம் அணு உலை நடத்துபவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று நாடாளுமன்றம் வைத்தது. வெளிநாட்டு உலைக் கம்பெனிகள் முகம் சுளித்தன. போபாலைப் பார்த்த நாடு அப்படி வைத்தது நியாயமான கோபத்தில். ஆனால் உலை செய்யும் பன்னாட்டுக் கம்பெனியும், இரண்டு மெஷின் வைத்து டிராயிங்படி கடைந்து தரும் பட்டறையும் ஒன்றல்ல. டிசைன் உங்களுடையதில்லை, மெட்டீரியல் அவர்கள் சொன்ன மில்லிலிருந்து, பரிசோதனையும் அவர்கள் ஆள் வந்து செய்தது. பிறகு வரம்பில்லாப் பொறுப்பு எந்தக் கணக்கில்?

ஆகவே பேரம் பேசும்போது இதைக் கேளுங்கள்: உங்கள் பொறுப்பு அந்த ஆர்டரின் மதிப்பைத் தாண்டக் கூடாது, அல்லது நீங்கள் எடுக்கும் காப்பீட்டுத் தொகையைத் தாண்டக் கூடாது. டிராயிங்கிலிருந்து விலகியதால் வந்த குறைக்கு மட்டுமே அது பொருந்த வேண்டும். அவர்கள் மற்றவர்களோடு போடும் பரஸ்பர வழக்குத் துறப்பில் உங்கள் பெயரும் வர வேண்டும். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் நல்ல ஃபிட்டர் கிடைப்பது கஷ்டம். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் ஹீட் நம்பர், மில் சர்டிபிகேட், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மூன்றையும் பல ஆண்டுகளுக்குப் பாதுகாத்து வையுங்கள். கார் பாகத்துக்கு வைத்ததுபோல வருட முடிவில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சுற்றுப்பாதையில் இருக்கும் பொருள் எந்த ஆண்டு கீழே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உடன்படிக்கைப்படி இழப்பீடு கேட்கும் காலக்கெடு சேதம் நேர்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும்.

புணே மாவட்டத்துக்கு இந்த வேலை புதிதல்ல. வால்சந்த்நகரில் பல காலமாகவே இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கு மோட்டார் உறைகள் செய்கிறார்கள். ஆனால் அன்றைக்கு வாங்கியதும் அரசு, ஏவியதும் அரசு, விழுந்தால் கொடுப்பதும் அரசு. இப்போது நடுவில் தனியார் கம்பெனிகள் வந்துவிட்டன, சட்டம் மட்டும் வரவில்லை. தமிழ்நாட்டில் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. உடன்குடி, திருச்செந்தூர் பக்கத்து ஆட்கள் நம் நடுவே இருக்கிறீர்கள். உங்கள் உறவினர் கடலுக்குப் போகும் பாதைக்கு மேலே நாளை ராக்கெட் போகும். அதில் ஒரு போல்ட் நீங்கள் இங்கே கடைந்ததாக இருக்கலாம்.

அதனால் ஒரு கோரிக்கை. விண்வெளிச் சட்ட வரைவு மறுபடியும் கருத்துக் கேட்புக்கு வரும்போது பெரிய கம்பெனிகளின் சங்கங்கள் தங்கள் மனுவோடு முதலில் போய் நிற்கும், நிற்கட்டும். நாமும் ஒரு மனு எழுதுவோம், மாவள் எம்.பி.க்கும் விண்வெளித் துறைக்கும். பொறுப்புக்கு வரம்பு, துறப்பு கீழ்வரைக்கும் இறங்க வேண்டும் என்பது, இந்த இரண்டையும் நீங்களாகவே கேட்பீர்கள். மூன்றாவதாக ஒன்றையும் அதே மனுவில் சேர்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை: நம் ராக்கெட் நம் வயலிலோ நம் படகின்மேலோ விழுந்தால், வழக்கு வாதம் எதுவும் இல்லாமல், பாதிக்கப்பட்டவருக்கு அரசு நேரடியாக, காலக்கெடுவுக்குள் இழப்பீடு தர வேண்டும். ஆஸ்திரேலியாக்காரருக்குச் சட்டப்படி கிடைக்கிற உரிமை சந்திரபூர்க்காரருக்கும் உடன்குடிக்காரருக்கும் கிடைக்கட்டும். இது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் கேட்டு எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். 1960களில் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் இந்தியா கேட்டது இதைத்தான், வேறு நாட்டு ராக்கெட்டுகளை மனதில் வைத்து.

வரும் ஞாயிறு காலை ஸ்டேஷன் பக்கத்து என் அலுவலகத்தில் இருப்பேன். கையெழுத்துக்கு வந்திருக்கும் ஒப்பந்தங்களைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து திருத்துவோம். பின்பக்கத்தையும் சேர்த்து ஜெராக்ஸ் எடுங்கள்; போன தடவை பாதிப் பேர் முன்பக்கத்தை மட்டும் எடுத்து வந்தீர்கள்.

அன்புடன்,
உங்கள் வக்கீல் நண்பன்,
தளேகாவ் தாபாடே